கடைசி ஆளுக்குப் பின்னால்

சிகாமட்
6 ஜூலை 2025

சுகுமாறன் அண்ணனுக்கு,

வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்து வைத்திருந்தீர்கள். இப்போது நம்பரே மாறிவிட்டது. தபால்காரர் மட்டும் இன்னும் என்னைத் தடுக்கவில்லை என்பதால் கடிதம். செடெனாக் முகவரியைக் கொடுத்தது உங்கள் சைக்கிள் கடையில் வேலை பார்த்த சபாபதி. "நான் குடுத்தேன்னு சொல்லாதீங்கக்கா, அண்ணன் என்னை வெட்டிருவாரு" என்றான். சொல்லிவிட்டேன். வெட்டுவதென்றால் வெட்டுங்கள்.

நலமா என்று கேட்கப் போவதில்லை. அவர் போய் அடுத்த மாதம் ஒரு வருடம். பதினாறாம் நாள் காரியத்துக்கு நீங்கள் கொண்டு வந்த கோடிச் சேலையை வாசலில் விட்டெறிந்தேன். பிறந்த வீட்டுக் கோடி வேண்டாம் என்றால் பிறந்த வீடே வேண்டாம் என்று அர்த்தம். தெரிந்துதான் எறிந்தேன். அதற்காக இன்றைக்கும் எனக்கு வருத்தம் இல்லை. நீங்கள் நடத்திய சைக்கிள் பயணத்தில் என் புருஷன் காட்டுப் பாதையில் தனியாக விழுந்து செத்தார். நீங்கள் செடெனாக்கில், பயணம் முடியும் இடத்தில், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தீர்கள்.

இப்போது உங்களிடமே வந்து இன்னொரு சைக்கிள் பயணம் நடத்திக் கொடுங்கள் என்று கேட்கிறேன். சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள் லோஷினிக்குப் பன்னிரண்டு வயது முடிந்துவிட்டது. பிறந்ததிலிருந்து நிற்காத கால்களை இங்கேயுள்ள சிறப்புப் பிள்ளைகள் நிலையத்தில்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நடந்தாள், நீங்களே பார்த்திருக்கிறீர்கள். ஜனவரி வெள்ளத்தில் நிலையம் மூழ்கியது. கட்டடத்தைக் கழுவித் திறந்துவிட்டார்கள். வேன் தேறவில்லை. சக்கர நாற்காலியை ஏற்றும் வேன் அது ஒன்றுதான் இருந்தது. தோட்டப்புறப் பிள்ளைகள் எல்லாரும் அன்றிலிருந்து வீட்டோடு கிடக்கிறார்கள்.

பெற்றோர் கூடிப் பேசினோம். போன வருடத்து அதே வழிதான்: சிகாமட்டில் தொடங்கி, சிம்பாங் ரெங்கத்தில் ஒரு ராத்திரி தங்கி, செடெனாக்கில் முடிக்கிறோம். முழுக்கத் தோட்டத்துச் செம்மண் பாதை. தார் ரோடு என்றால் எவனும் வரமாட்டான், உங்கள் ஆட்களுக்குச் சேறு வேண்டும். செப்டம்பர் 27, 28. திரளும் நிதி வேனுக்கு.

நீங்கள் வந்து வழி குறித்துத் தந்தால் போதும். என் வீட்டுக்கு வர வேண்டியதில்லை.

செல்வராணி


செடெனாக்
15 ஜூலை 2025

ராணி,

கடிதம் வந்தது.

என்னால் முடியாது. கடையை மூடிவிட்டேன். சைக்கிளையும் கொடுத்துவிட்டேன். இங்கே ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றுகிறேன். அதுவே எனக்குச் சரியாக இருக்கிறது.

வழியை எழுதி அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். வரவில்லை. அது தாளில் எழுதுகிற சங்கதி இல்லை. பழைய செம்பனை எண்ணெய் மரங்களை வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்திருப்பார்கள், பாதை இடம் மாறியிருக்கும். ஓட்டிப் பார்த்துத்தான் முக்குக்கு முக்கு மரத்தில் வழிகாட்டும் ரிப்பன் கட்ட முடியும். குளுவாங்கில் ஒரு சைக்கிள் குழு இருக்கிறது, நல்ல பையன்கள். அவர்களிடம் கேள்.

நீ சொன்னது சரி. தேத்தண்ணிதான் குடித்துக்கொண்டிருந்தேன்.

நம்பர் தரமாட்டேன். உன் குரலைக் கேட்டால் தாங்க மாட்டேன். எழுது, படிக்கிறேன்.

லோஷினி என்னைக் கேட்பாளா?

சுகு


சிகாமட்
19 ஜூலை 2025

அண்ணனுக்கு,

குளுவாங் பையன்களிடம் உங்களுக்கு எழுதுவதற்கு முன்பே போய்விட்டேன். வேறு கதி இருந்தால் உங்களுக்கு எழுதியிருப்பேனா? அவர்கள் தலைவன் ரோலண்ட் நாற்காலி போட்டு உட்கார வைத்து, மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க லா. அந்தத் தோட்டத்துக்குள்ள ஒவ்வொரு முக்கும் ஒரே மாதிரி இருக்கும். சுகு அண்ணன் ரிப்பன் கட்டினா நாங்க கண்ண மூடிக்கிட்டு வருவோம். வேற யார் கட்டினாலும் எங்க வீட்டுல விடமாட்டாங்க." ஆள் செத்த பாதைக்கு அந்த ஆளின் மச்சானைத்தான் நம்புகிறார்கள். ஊர் எப்படி இருக்கிறது பார்த்தீர்களா!

லோஷினி உங்களைக் கேட்பாளா என்று கேட்டீர்கள். அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்க உங்களுக்கு வாய் வரவில்லை. நானே சொல்கிறேன்.

நான் கையுறைத் தொழிற்சாலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. அவளைத் தனியாக விட்டால் சறுக்கிக் கீழே விழுகிறாள். அதனால் காலையில் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, நாற்காலியில் உட்கார வைத்து, துண்டால் இடுப்போடு கட்டிவிட்டுப் போகிறேன். என் கையால்தான் கட்டுகிறேன், அண்ணா. பக்கத்து வீட்டு மலர் அக்கா மத்தியானம் வந்து அவிழ்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் படுக்க வைப்பார். பிறகு மறுபடியும் கட்டு. முதலில் அழுதாள். இப்போது நான் துண்டை எடுத்தாலே கையை அவளாகவே தூக்கிக் கொடுக்கிறாள். அழுதபோது கூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

முழங்கால் இரண்டும் மடங்கியபடியே இறுகுகிறது. மருத்துவமனையில் பார்த்தேன். இந்த வருடம் முடிவதற்குள் பயிற்சியை மறுபடி தொடங்காவிட்டால் அந்தக் கால்கள் பிறகு நிமிராது என்று சொல்லிவிட்டார்கள்.

உங்களுக்குப் பெட்டி ஏற்றுவது சரியாக இருக்கிறதாம். இருக்கட்டும். ஒன்றுக்கு மட்டும் பதில் வேண்டும். அவருக்குச் சைக்கிள் சரியாக ஓட்ட வராது என்று தெரியும். ஊரைக் கூட்டிப் பயணம் நடத்திய நீங்கள் அவர் கையில் ஏன் அந்த ஆரஞ்சு ஜாக்கெட்டைக் கொடுத்து எல்லாருக்கும் கடைசியில் விட்டீர்கள்? மெதுவாக ஓட்டுகிறவர், பின்னால் கிடக்கட்டும் என்றுதானே?

செல்வராணி


செடெனாக்
2 ஆகஸ்ட் 2025

ராணி,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் கீழே இருக்கிறது. முதலில் ஜாக்கெட்.

உனக்குப் புரிய ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பயணங்களில் ஜாக்கெட் போட்டுக் கடைசியில் வருகிறவன் மெதுவாக ஓட்டுகிறவன் இல்லை. குழுவிலேயே தெம்பானவன். முன்னால் எவன் விழுந்தாலும் தூக்க வேண்டும். சங்கிலி அறுந்தால் மாட்டிவிட வேண்டும். எல்லாரும் போன பிறகு நான் கட்டிய ரிப்பனைக் கழற்றிக்கொண்டு வர வேண்டும். தோட்டத்துக்காரர்கள் அந்த நிபந்தனையில்தான் உள்ளே விடுகிறார்கள். பிளாஸ்டிக் கீழே விழுந்தால் மாடு தின்றுவிடும். வழக்கமாக நான்தான் கடைசி ஆள்.

அன்று, இரண்டாம் நாள் காலை, சிம்பாங் ரெங்கத்தில் மாப்பிள்ளை என்னிடம் வந்தார். "மச்சான், இன்னைக்கு அந்த ஜாக்கெட்ட எனக்குக் குடுங்க. நேத்து எல்லாரும் என்னைத் தாண்டித் தாண்டிப் போனாங்க. ஒவ்வொருத்தனும் 'பரவால்ல அண்ணே'ங்கறான். வெக்கமா இருக்கு. கடைசி ஆளா வந்தா மெதுவா வர்றதுக்கு ஒரு காரணம் இருக்கும்ல" என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வேறு யார் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். கெட்ட வார்த்தையில் கூடச் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் நம் வீட்டு மாப்பிள்ளை. கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம் ஒன்றுமே கேட்டதில்லை. முதல் தடவையாக ஒன்று கேட்கிறார். இத்தனை பேர் முன்னால் மாப்பிள்ளை கேட்டதை எப்படி மறுப்பது? கழற்றிக் கொடுத்துவிட்டேன். அவரே மாட்டிக்கொண்டு பொத்தான் போட்டார். சந்தோஷமாக இருந்தார்.

பிறகு நான் முன்னால் போனேன். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இருப்பதில்லை. அதை நான் யோசிக்கவில்லை.

இனி தாமதத்துக்குக் காரணம். சபாபதியின் சைக்கிளை வாங்கிக்கொண்டு இரண்டு நாள் ஓட்டினேன். சிகாமட்டிலிருந்து சிம்பாங் ரெங்கம் வரை பாதை இருக்கிறது. ஆற்றோரம் ஒரு மரப்பாலம் வெள்ளத்தில் போய்விட்டது, சுற்றிப் போகலாம். உடம்பு விட்டுப்போயிருக்கிறது. மேட்டில் இறங்கித் தள்ளினேன்.

முதல் பாதி நான் கட்டுகிறேன். இரண்டாம் பாதியைப் பற்றி இப்போது கேட்காதே.

அந்தத் துண்டைப் பற்றிப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் இல்லை.

சுகு


சிகாமட்
9 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்கு,

அவர் கேட்டு வாங்கினாரா!

நாலு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பொய் என்று சொல்ல ஆசைப்பட்டேன், முடியவில்லை. "வெக்கமா இருக்கு" என்பது அவர் வார்த்தைதான். கல்யாண வீட்டில் கூட எல்லாரும் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று தூணோரம் நிற்பாரே. ஆனால் இதனால் உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பந்தியில் மாப்பிள்ளைக்கு முதல் இலை போடுகிற மரியாதையைக் கொண்டுபோய்க் காட்டுக்குள் போட்டீர்கள். மரியாதை பார்க்கிற இடமா அது? ஒரு வார்த்தை, "முடியாது மாப்பிள்ளை" என்று ஒரே வார்த்தை. கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பார். உயிரோடு கோபித்துக்கொண்டிருப்பார்.

இத்தோடு நிறுத்துகிறேன். வேலையைப் பேசுகிறேன்.

நீங்கள் முதல் பாதிக்கு ரிப்பன் கட்டுகிறீர்கள் என்று சொன்னதும் குளுவாங் ஆட்கள் மொத்தமாகப் பேர் கொடுத்துவிட்டார்கள். ஜொகூர் பாருவிலிருந்தும் வருகிறார்கள். நிலையத்தில் மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை பேர் நம்பிய பிறகு விழுந்தால் எங்கே போய் நிற்பேன்?

விழத்தான் போகிறது போலிருக்கிறது. இரண்டாம் பாதித் தோட்டத்து மேனேஜர் கமலநாதன் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். "உங்க வீட்டுக்காரருக்கு நடந்தது இன்னொரு தடவை நடந்தா என் வேலை போயிரும்மா. கடைசி ஆள் யாருன்னு செப்டம்பர் முதல் வாரத்துக்குள்ள சொல்லுங்க. சொன்னா கேட்டைத் திறக்கிறேன், இல்லன்னா மன்னிச்சிருங்க" என்றார்.

கடைசி ஆளாக வர ஒருத்தரும் இல்லை, அண்ணா. கேட்காத ஆள் பாக்கி இல்லை. முன்னால் போகச் சொன்னால் போட்டி போடுகிறார்கள். ஜாக்கெட் என்றதும் ஒருவனுக்கு முட்டி வலி, ஒருவன் மனைவி முழுகாமல் இருக்கிறாள், ஒருவன் போனையே எடுப்பதில்லை. ரோலண்ட் மட்டும் உண்மையைச் சொன்னான்: "அந்த ஜாக்கெட்ட யாரும் தொடமாட்டாங்கக்கா."

நீங்கள்தான் போட வேண்டும். இரண்டாம் பாதியைப் பற்றிக் கேட்காதே என்றீர்கள். கேட்கிறேன். இன்று காலையில் லோஷினி துண்டை அவளே மடியில் எடுத்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள்.

செல்வராணி


செடெனாக்
24 ஆகஸ்ட் 2025

ராணி,

போனேன்.

இன்று காலை சிம்பாங் ரெங்கத்தில் தொடங்கினேன். தோட்டத்து வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகா விஜயன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். தடுப்புக் கம்பியைத் தூக்கிவிட்டு ஒதுங்கி நின்றான்.

புது ரிப்பன் கட்டிக்கொண்டே போனேன். மேடெல்லாம் தாண்டிய பிறகு ஒரு வளைவு வரும். செம்பனைக்கு நடுவில் ஒரு பழைய ரப்பர் மரம் மட்டும் தனியாக நிற்கும். அங்கே கட்டுவதற்காக ரிப்பனை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

அங்கே ரிப்பன் இருக்கிறது, ராணி. போன வருடத்து ரிப்பன். என் முடிச்சு எனக்குத் தெரியாதா? சிவப்பெல்லாம் வெளுத்துக் கஞ்சித் தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டது. அதற்கு அடுத்ததும் இருக்கிறது. கண்ணுக்கெட்டிய வரை தொங்குகிறது. அவர் கழற்றாமல் விட்ட ரிப்பன் எல்லாம் அப்படியே இருக்கிறது.

பதினாறாம் நாள் கோடியோடு ஒன்று சொல்லத்தான் உன் வீட்டுக்கு வந்தேன். சொல்ல விடவில்லை நீ. உன்மேல் தப்பில்லை. இப்போது சொல்கிறேன். அன்று வெளிச்சம் மங்கியும் அவர் வரவில்லை என்றதும் செடெனாக்கிலிருந்து எதிர்ப்பக்கமாக அவரைத் தேடி ஓட்டினேன். வழியெல்லாம் ரிப்பன் தொங்கியது. ரிப்பன் இருந்தால் அவர் இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். ஒவ்வொன்றாகத் தாண்டிப் போனேன். ஒரு இடத்திலாவது ரிப்பன் இல்லாமல் இருக்கக் கூடாதா என்று கத்திக்கொண்டே ஓட்டினேன். அந்த ரப்பர் மரத்தில் ரிப்பன் நின்றது. மரத்தடியில் அவர் கிடந்தார். நெஞ்சைப் பிடித்திருந்தார்.

அவர் பையைத் திறந்து பார்த்தேன். ரிப்பனை எல்லாரும் கசக்கித் திணித்துக்கொண்டு வருவார்கள். அவர் ஒவ்வொன்றையும் சுருட்டி, ரப்பர் வளையம் போட்டு, அடுக்கி வைத்திருந்தார். அவ்வளவு ஒழுங்காக வேலை செய்துகொண்டு வந்திருக்கிறார், ராணி. கூப்பிட்டிருப்பார். பின்னால் ஆள் இருந்தால் கேட்டிருக்கும்.

இன்று அதற்கு மேல் என்னால் போக முடியவில்லை. மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். இங்கேயே கிடந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. உன்னிடம் மறைக்கவில்லை. விஜயன் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்திருக்கிறான். அவன்தான் கையைப் பிடித்துத் தூக்கினான். "யாரும் தொடலீங்க மொதலாளி. காய் வெட்டுற ஆளுங்க கூட அந்த ரிப்பன்ல கை வைக்க மாட்டேங்கறாங்க" என்றான்.

அந்த ரிப்பனைக் கழற்ற என்னால் ஆகாது. அதைத் தாண்டிப் போகவும் ஆகாது. பயணத்தை நிறுத்திவிடு. லோஷினியிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. என்னை விட்டுவிடு.

சுகு


சிகாமட்
30 ஆகஸ்ட் 2025

அண்ணா,

உன்னை விடமாட்டேன்.

கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். செத்த வீட்டில் கூட அப்படி அழவில்லை. அன்றைக்குக் கோபம் அழ விடவில்லை. லோஷினி பயந்துபோய்க் கூப்பிட்டாள். அவளிடம் அப்பா ரிப்பனை எப்படிச் சுருட்டி வைத்திருந்தார் என்று சொன்னேன். இந்த வீட்டில் பிளாஸ்டிக் பை ஒன்று வந்தாலும் மடித்து வளையம் போட்டு இழுப்பறையில் வைப்பாரே, அந்த மனிதர்தான். அங்கேயும் அவராகவே இருந்திருக்கிறார். இந்த ஒரு வருடமாக அவர் காட்டுக்குள் பயந்து, அவமானப்பட்டு, ஒரு மூலையில் விழுந்து செத்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். பொறுப்பாக ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது போயிருக்கிறார். இதை நீ எனக்கு முன்பே எழுதியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம்.

நீ அந்த ரிப்பனைத் தொடாதே. அது உன் வேலை இல்லை. அவர் பாதியில் விட்டதை நான் முடிக்கிறேன்.

கமலநாதனிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "கடைசி ஆள் யாரும்மா?" என்றார். "நான்தான் சார்" என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "தனியாவா?" என்றார். "இல்ல சார், இனிமே கடைசியில ஒருத்தர் வரமாட்டாங்க, ரெண்டு பேர் வருவாங்க. எனக்குப் பின்னால எங்க அண்ணன் வருவாரு" என்றேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். கேட்டைத் திறக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

திட்டம் இதுதான். ரப்பர் மரம் வரைக்கும் நீயும் சபாபதியும் சேர்ந்து கடைசியில் வாருங்கள், ஜாக்கெட்டை நீ போட்டுக்கொள். விஜயன் என்னை மோட்டாரில் கூட்டிக்கொண்டு வந்து மரத்தடியில் விடுவான். அங்கே ஜாக்கெட்டை என்னிடம் கொடு. அங்கிருந்து செடெனாக் வரை அந்த வெளுத்த ரிப்பனை நான் கழற்றிக்கொண்டு வருகிறேன். ஓட்ட முடிந்தால் ஓட்டுவேன், முடியாவிட்டால் தள்ளிக்கொண்டு நடப்பேன். மலர் அக்கா லோஷினியை அவர் தம்பி காரில் செடெனாக்குக்குக் கூட்டி வருவார். மகள் காத்திருக்கும்போது நான் போய்ச் சேராமல் இருக்க முடியாது.

இதனால் வேன் வந்துவிடுமா என்று எனக்குத் தெரியாது. வந்தாலும் அவள் கால் நிமிருமா, அதுவும் தெரியாது. ராத்திரியெல்லாம் பயந்துகொண்டுதான் கிடக்கிறேன். ஆனால் தெரியாது என்பதற்காகக் காலமெல்லாம் அவளைத் துண்டால் கட்டிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

எனக்குச் சைக்கிள் பழக்கியது நீதான். சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வருவாய். விட்டுவிட்டாயா என்று நான் கத்துவேன். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் சைக்கிளைத் தொட்டதில்லை. இந்தத் தடவையும் கத்துவேன். பதில் சொல்லிக்கொண்டே வா.

இன்னும் ஒன்று. அந்தக் கோடி உன்னிடம் இருக்கிறதா? தூக்கிப் போடாமல் வைத்திருந்தால், வரும்போது எடுத்து வா. செடெனாக்கில் எல்லார் முன்னாலும் நீ எனக்குப் போர்த்திவிட வேண்டும். எறிந்ததும் எல்லார் முன்னால்தானே.

ராணி


செடெனாக்
6 செப்டம்பர் 2025

ராணி,

சபாபதி உனக்கு ஒரு சைக்கிள் தேடிப் பிடித்துவிட்டான். சீட்டைத் தாழ்த்தியிருக்கிறேன். இரண்டு கால்களும் தரையில் படும். பிரேக் இரண்டும் புதிது. இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் பிடிக்காதே, தலைகுப்புறத் தள்ளிவிடும். தண்ணீர் போத்தலை நான் எடுத்து வருகிறேன். கையுறை போட்டுக்கொள், பழைய முடிச்சு இறுகியிருக்கும், நகம் பெயரும்.

நேற்று மறுபடியும் அந்த மரம் வரைக்கும் போனேன். இந்த முறை உட்காரவில்லை. ரிப்பனைத் தொடாமல் அதன் பக்கமாகவே ஓட்டி இங்கே வந்து சேர்ந்தேன். பாதை நன்றாகத்தான் இருக்கிறது. புதிதாக ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. ஓட்டுகிறவர்கள் அவர் விட்டுவைத்த ரிப்பனைப் பார்த்தே வந்துவிடுவார்கள்.

பின்னால் வருகிறேன். நீ கத்தும்போதெல்லாம் பதில் சொல்வேன்.

என் நம்பரை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கூப்பிடு. லோஷினியிடம் கொடு, பேசட்டும்.

கோடி இருக்கிறது. அன்று உன் வாசல் சாக்கடையில் விழுந்ததை எடுத்துவந்து அன்றைக்கே துவைத்தேன். பிறகும் பல தடவை துவைத்தேன். முந்தானையில் சேற்றுக் கறை முழுதாகப் போகவில்லை. வேறு புதிது வாங்கலாம் என்று கடைக்குப் போய், வாங்காமல் திரும்பிவிட்டேன்.

கறையோடு இருந்தால் வாங்கிக்கொள்வாயா?

அண்ணன்